கல்லூரி மொட்டை மாடியில் புதிய சூரிய ஆற்றல் கருவிகளைச் சோதிப்பது எப்படி?

தை பிறந்ததும் பொறியியல் கல்லூரிகளின் மொட்டை மாடிகளில் நடமாட்டம் தொடங்கிவிடும். இறுதியாண்டு மாணவர்கள் தாங்கள் செய்த சூரிய அடுப்பையோ உலர்த்தியையோ, சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் சோலார் பேனலையோ தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். மூன்று நாள் அளவெடுத்துவிட்டு, தங்கள் கருவி இருபது விழுக்காடு கூடுதலாகத் தருகிறது என்று அறிக்கை எழுதுவார்கள். எதைவிடக் கூடுதல், எவ்வளவு வெயிலில் கூடுதல் என்று மதிப்பீட்டுக் கூட்டத்தில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படியாகச் சோதனையை அமைத்துக்கொள்வதற்கு உதவவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளை மதுரை வட்டாரத்துக்கு வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு விதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியை அளக்கும் ஒவ்வொரு நிமிடமும் வெயிலையும் அளக்க வேண்டும். புதிய கருவிக்குப் பக்கத்திலேயே, அதே அளவுள்ள பழைய கருவி ஒன்றும் அதே வெயிலில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். மற்றவற்றில் சிறு குறை இருந்தாலும் ஈடுகட்டிவிடலாம். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் கையில் கிடைத்த எண்களை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இடம்

எந்தக் கட்டடத்தின் மாடி என்று முடிவு செய்வதற்கு முன், காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு என மூன்று முறை ஏறிப் பார்த்து நிழல்களைச் சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, செல்போன் கோபுரம், கைப்பிடிச் சுவர், பக்கத்து வேப்பமரம் ஆகிய அனைத்தும் கணக்கில் வர வேண்டும். இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வடக்கே வெகு தொலைவில் இருக்கும் நாடுகளுக்காக எழுதப்பட்ட பாடநூல்கள் தெற்குப் பக்கத்துத் தடைகளை மட்டும் பார்க்கச் சொல்லும். நம் ஊரிலோ ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் இறுதி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். ஜனவரியில் நிழலே படாத இடத்தில் ஜூன் மாதக் காலையிலும் மாலையிலும் வடக்குப் பக்கத்துத் தொட்டியின் நிழல் வந்து விழுவதற்கு இதுதான் காரணம். ஆண்டு முழுவதும் நடக்கப்போகும் சோதனை என்றால் வடக்குத் தொட்டியை விட்டும் தள்ளியே இருங்கள்.

விடுதி மெஸ்ஸின் புகைபோக்கிக்கு அருகில் உள்ள மாடி வேண்டாம். எண்ணெய்ப் பசை கண்ணாடியில் படிந்தால் துடைத்தாலும் எளிதில் போகாது. வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்த மாடியில் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கூடுதலாக இருக்கும். இருபுறமும் மின்சாரம் தரும் பேனலைச் சோதிப்பவர்களுக்கு இது முடிவையே மாற்றிவிடும் என்பதால் தரை என்ன நிறம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

மாடியில் துளை போட எந்தக் கட்டடப் பராமரிப்புப் பிரிவும் மனமுவந்து சம்மதிக்காது. அவர்கள் சொல்வதும் நியாயமே, துளை போட்ட இடத்தில் ஐப்பசி மழைக்கு ஒழுகத் தொடங்கும். இரும்புச் சட்டத்தைக் கான்கிரீட் கட்டைகளின் எடையால் நிறுத்துவதே வழி. எடையில் கஞ்சத்தனம் கூடாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மாடிக்குத்தான் அதிகம் பொருந்தும்: நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, தன்னை நேராக எதிர்கொள்ளும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 55 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கருவியின் மின்சாரத்தைக் கல்லூரியின் மின்இணைப்போடு சேர்க்கும் யோசனை இருந்தால் அது மின்வாரியத்தின் ஒப்புதல் வரை போகும் தனிக் கதை; சோதனைக்கு அது தேவையே இல்லை. பேனல் தரும் மின்சாரத்தை ரியோஸ்டாட்டிலோ (கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை) மின்கலத்திலோ செலவழித்துவிடலாம்.

வெயிலை அளப்பது

கதிர்வீச்சை அளக்கப் பைரனோமீட்டர் வேண்டும். செல்போனில் உள்ள லக்ஸ் செயலி உதவாது. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் மதிப்பிடுகிறது, சூரிய ஆற்றலில் பெரும்பங்காக உள்ள அகச்சிவப்பு அதற்குத் தெரியாது. வெயிலின் சூட்டை மின்னழுத்தமாக மாற்றும் தெர்மோபைல் வகைப் பைரனோமீட்டர் முழு வெயிலிலும் சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் என்பதால், அதைப் படிக்கும் மீட்டர் மைக்ரோவோல்ட் அளவுக்கு நுட்பமானதாக இருக்க வேண்டும். கருவியின் மேல் எழுதியுள்ள உணர்திறன் எண்ணால் வகுத்தால் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பது கிடைக்கும். அளவுதிருத்தச் சான்றிதழின் தேதியையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும்.

பைரனோமீட்டரை எந்தச் சாய்வில் வைப்பது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சாய்த்து வைத்த பேனலைச் சோதிக்கும்போது பைரனோமீட்டரும் அதே சாய்வில், அதே சட்டத்தில் இருக்க வேண்டும். மதுரையில் ஜனவரி நடுவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 59 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்ந்த பேனலின் மேல் விழும் கதிர்வீச்சு, தரைக்குச் சமமாக வைத்த பைரனோமீட்டர் காட்டுவதைவிட ஏழெட்டு விழுக்காடு கூடுதலாக இருக்கும். அதைக் கவனிக்காதவர்கள் அந்த ஏழெட்டு விழுக்காட்டையும் தங்கள் கண்டுபிடிப்பின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

பைரனோமீட்டர் வாங்க வசதியில்லாத துறைகளுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. ஒரு சிறிய சிலிக்கான் பேனலின் குறுக்குச்சுற்று மின்னோட்டம் (இரு முனைகளையும் நேராக இணைக்கும்போது ஓடுவது) அதன் மேல் விழும் வெயிலுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். பக்கத்துக் கல்லூரியிலிருந்து பைரனோமீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி, மேகமில்லாத பொழுதில் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு ஒரு மாறிலியைக் கண்டுகொண்டால், அந்தச் சிறு பேனலே உங்கள் வெயில்மானியாகிவிடும். சோலார் பேனல்களைச் சோதிக்க இது நன்றாகவே போதும்.

பைரனோமீட்டரின் கண்ணாடிக் குமிழைத் தினமும் காலையில் மென்துணியால் துடையுங்கள். முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், புதுவிதப் பூச்சு பூசிய பேனல் ஒன்று இரண்டு நாள் தொடர்ந்து யாரும் எதிர்பாராத திறனைக் காட்டியது. மாணவர்கள் மகிழ்ச்சியில் இருந்தார்கள். எனக்கும் உள்ளூர ஆசை எழுந்தது. மூன்றாம் நாள் காலை அளவீட்டைத் தொடங்கும் முன் ஏறிப் பார்த்தேன். மாடியிலேயே உயரமான முனை என்பதால் பைரனோமீட்டரின் மேல் காகம் ஒன்று உட்கார்ந்து பழகியிருந்தது. குமிழின் ஒரு பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெயில் குறைவாகப் பதிவானதால் திறன் கூடியதுபோல் தெரிந்திருக்கிறது. அன்று முதல் பைரனோமீட்டரைவிடச் சற்று உயரமான கம்பு ஒன்றை, நிழல் விழாத தொலைவில் காகங்களுக்கென்றே நட்டு வைக்கிறோம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிய நண்பகல் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை அதற்கு நாலரை டிகிரி மேற்கே இருப்பதால் ஏறத்தாழ 17 நிமிடம் பிந்தும், அதோடு பருவத்துக்கு ஏற்ற வேறுபாடும் சேரும். பிப்ரவரி நடுவில் 12.32 மணியளவிலும் நவம்பர் தொடக்கத்தில் 12.01 மணியளவிலும் அங்கே உச்சிப்பொழுது வரும். "நண்பகலுக்கு இரு பக்கமும் ஒரு மணி நேரம்" என்று அளவெடுப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வெப்பநிலை

வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரிகளான தெர்மோகப்பிள்களைக் கருவியில் பொருத்துவதற்கு முன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி முதலில் பனிக்கட்டி கலந்த நீரிலும் பிறகு கொதிநீரிலும் விட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று அரை டிகிரிக்கு மேல் வேறுபடுபவற்றை ஒதுக்கிவிடலாம். கொடைக்கானல் போன்ற உயரமான இடத்தில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால் அங்கே கொதிநீரை 100 என்று கொள்ளக்கூடாது. காற்றின் வெப்பநிலையை நிழலில், காற்றோட்டத்தோடு, தரையிலிருந்து ஆளுயரத்தில் அளக்க வேண்டும். சுட்டுக்கிடக்கும் கைப்பிடிச் சுவரில் வெப்பமானியைத் தொங்கவிட்டால் அது சுவரின் கதையைத்தான் சொல்லும்.

சோலார் பேனல்

பேனலின் பின்னால் எழுதியிருக்கும் 100 வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் கதிர்வீச்சு, பேனலில் உள்ள செல்லின் வெப்பநிலை 25 டிகிரி என்ற ஆய்வக நிலையில் கிடைப்பது. நம் மாடியில் அந்த இரண்டும் ஒருசேர அமைவதே இல்லை. ஆகவே அளந்ததை அந்த நிலைக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகே பேனலைப் பற்றிப் பேச வேண்டும்.

அளப்பதற்கு ரியோஸ்டாட் ஒன்றும் இரண்டு மல்டிமீட்டர்களும் போதும். 36 செல் கொண்ட 100 வாட் பேனல் ஏறத்தாழ 22 வோல்ட் திறந்த சுற்று அழுத்தமும் (எதையும் இணைக்காதபோது உள்ள மின்னழுத்தம்) 6 ஆம்பியர் குறுக்குச்சுற்று மின்னோட்டமும் தரும்; உச்சத் திறன் மூன்று ஓம் பக்கத்தில் கிடைக்கும். மின்னியல் ஆய்வகத்தில் எளிதாகக் கிடைக்கும் 50 ஓம், 5 ஆம்பியர் ரியோஸ்டாட்டை எடுத்துவந்தால், நாம் வேலை செய்ய வேண்டிய மூன்று ஓம் பகுதியில் நகர்த்த இடமும் இருக்காது, கம்பியும் தாங்காது. 10 ஓம், 10 ஆம்பியர் அளவில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். திறந்த சுற்றிலிருந்து தொடங்கிக் குறுக்குச்சுற்று வரை பதினைந்து புள்ளிகளை ஒரே நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கதிர்வீச்சைக் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே 2 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் அந்த வரிசையை அடித்துவிட்டு மறுபடி எடுங்கள். மேகத்தின் ஓரம் சூரியனை நெருங்கும்போது கதிர்வீச்சு குறையாமல் திடீரென்று 1000-ஐத் தாண்டி ஏறுவதுண்டு; அந்த நேரத்து எண்களை நம்ப வேண்டாம்.

செல்லின் வெப்பநிலையை நேரடியாக அளக்க முடியாது. பின்பக்கத்தின் நடுவில் அலுமினிய நாடாவால் தெர்மோகப்பிளை ஒட்டி அளந்து, கண்ணாடியும் பாலிமர்த் தாளும் கொண்ட வழக்கமான பேனலுக்கு, முழு வெயிலில் (1000 வாட்) 3 டிகிரி என்ற விகிதத்தில் கூட்டிக்கொள்வது வழக்கம். ஒரு கணக்கைப் பார்ப்போம். கதிர்வீச்சு 880 வாட், பின்பக்கம் 55.4 டிகிரி, கிடைத்த உச்சத் திறன் 74 வாட் என்று வைத்துக்கொள்வோம். செல் வெப்பநிலை 58 டிகிரி என்று ஆகிறது. 74-ஐ 0.88-ஆல் வகுத்தால் 84.1 வாட். செல் 25 டிகிரியைவிட 33 டிகிரி கூடுதலாகச் சூடேறியுள்ளது, டிகிரிக்கு 0.4 விழுக்காடு இழப்பு என்று தயாரிப்பாளரின் விவரத்தாள் சொன்னால், மொத்தம் 13.2 விழுக்காடு. எனவே 84.1-ஐ 0.868-ஆல் வகுக்க, 96.9 வாட் வருகிறது. "நூறு வாட் என்று விற்றார்கள், 74-தான் வருகிறது" என்று சண்டைக்குப் போகவிருந்தவர் கையில் இருப்பது நல்ல பேனல் என்பது இப்போது தெரிகிறது.

அக்னி நட்சத்திரத்தில் பேனல் மிக அதிகமாக உற்பத்தி செய்யும் என்ற நம்பிக்கையும் இந்தக் கணக்கில் கரைந்துவிடும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெக்கை அதற்குப் பகை. வானம் தெளிந்து, காற்றும் இதமாக இருக்கும் மாசி, பங்குனியில்தான் நல்ல அளவீடுகள் கிடைக்கின்றன.

சூரியனைப் பின்தொடரும் சட்டம், பேனலின் மேல் நீர் ஓட்டிக் குளிர்விக்கும் அமைப்பு போன்றவற்றைச் சோதிப்பவர்கள் மோட்டாரும் பம்பும் உண்ணும் மின்சாரத்தைத் தனி மீட்டரில் அளந்து கழிக்க வேண்டும். ஒளியுணர் மின்தடையை நம்பி, ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் ஓடும் சட்டங்கள் மேகமூட்டமான நாளில் வெளிச்சத்தைத் தேடி இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்கும்; வெயில் நாளில் ஈட்டியதை அன்றைக்கு அவை செலவழித்துவிடக்கூடும். ஆகவே மேகமூட்டமான நாள்களையும் அறிக்கையில் சேருங்கள்.

பெட்டி வகைச் சூரிய அடுப்பு

இதற்கு ஐ.எஸ். 13429 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதன் இரண்டு தகுதி எண்களையும் மாடியிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதலாவது, வெற்று அடுப்பின் சோதனை. எதிரொளிப்புக் கண்ணாடியை மூடி மறைத்துவிட்டு, உள்ளே பாத்திரம் எதுவும் இல்லாமல், காலை பத்து மணியிலிருந்து வெயிலில் வைத்து, அடித்தகட்டின் நடுப்பகுதி வெப்பநிலை இனி ஏறாது என்ற நிலையை எட்டும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தகடு 138 டிகிரி, காற்று 34 டிகிரி, கிடைமட்டக் கதிர்வீச்சு 850 வாட் என்றால், வேறுபாடான 104-ஐ 850-ஆல் வகுக்க 0.122 வருகிறது. 0.12-க்கு மேல் வந்தால் முதல் தர அடுப்பு.

இரண்டாவது, நீரோடு செய்யும் சோதனை. திறப்புப் பரப்பின் (வெயில் நுழையும் கண்ணாடிப் பரப்பு) ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 8 கிலோ நீர் என்ற கணக்கில், கறுப்பு வண்ணம் பூசிய பாத்திரங்களில் சமமாகப் பிரித்து ஊற்ற வேண்டும். கால் சதுர மீட்டர் அடுப்புக்கு 2 கிலோ நீர். நீர் 60 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற எடுக்கும் நேரமே முக்கியம். கொதிக்கும் நொடியைக் குறிக்க முயல வேண்டாம். கொதிநிலையை நெருங்க நெருங்க ஏற்றம் மந்தமாகி எந்த நொடி என்றே தெரியாமல் போகும். மேற்சொன்ன அடுப்பு, அதே காற்று, அதே வெயில் என்று கொண்டு தரநிலையின் மடக்கைச் சமன்பாட்டில் இட்டால், இந்த 30 டிகிரி ஏற்றம் 83 நிமிடத்துக்குள் முடிந்தால்தான் இரண்டாம் தகுதி எண் தேவையான 0.40-ஐ எட்டும், 75 நிமிடத்தில் முடிந்தால் 0.44. முதல் எண் குறைந்தால் கண்ணாடி, காப்பு, ஓரப் பட்டை ஆகியவற்றில் எங்கோ வெப்பம் கசிகிறது. முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் குறைந்தால் பாத்திரத்தின் அடிப்பகுதி தகட்டோடு சரியாகப் பொருந்தவில்லையா என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் வளைந்த அலுமினியப் பாத்திரமே பெரும்பாலும் குற்றவாளி.

சாதம் வேகிறதா என்று பார்ப்பதும் தேவைதான், ஆனால் அதை இந்தச் சோதனைகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி வகைக்கு வகை மாறும், நீர் மாறாது.

உலர்த்தி

உலர்த்திச் சோதனையில் வெப்பநிலையைவிட எடைதான் பேசும். தேங்காய்ப் பருப்போ முருங்கைக் கீரையோ, ஒரே குவியலிலிருந்து இரண்டு பங்கு எடுத்து ஒன்றை உலர்த்தியிலும் மற்றொன்றை வழக்கம்போல் வெளியில் பாயிலும் காயவையுங்கள். மணிக்கொரு முறை எடை போடுங்கள். தொடக்க ஈரப்பதத்தை அறிய ஒரு மாதிரியை ஆய்வக மின்அடுப்பில் 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடை பார்க்க வேண்டும். 50 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ தேங்காய்ப் பருப்பு 6 விழுக்காட்டுக்கு வரும்போது 53.2 கிலோவாக நிற்கும், போன 46.8 கிலோ நீரை எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு வெயிலில் போக்கினோம் என்பதே கேள்வி. மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சீராகக் காய்ந்தனவா என்பதைத் தட்டுவாரியாக எழுதுங்கள்.

ஒப்பீடும் பிழையும்

சாதாரணப் பைரனோமீட்டரில் 5 விழுக்காடு பிழை வரை இருக்கக்கூடும். அப்படியானால் 3 விழுக்காடு முன்னேற்றத்தை எப்படி நிறுவுவது? பழைய கருவியைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு கருவிகளும் ஒரே வெயிலில் ஒரே நேரத்தில் இருந்தால், விகிதம் எடுக்கும்போது வெயிலை அளந்ததில் உள்ள பிழை இரண்டு பக்கமும் சமமாக நின்று நீங்கிவிடும். பிறகு எஞ்சுவது இடத்தின் வேறுபாடு. அதற்கும் வழி உண்டு: முதல் வாரம் இடது பக்கம் இருந்ததை இரண்டாம் வாரம் வலது பக்கம் மாற்றி வையுங்கள். சோதனைக்கு முன், புதிய பூச்சையோ அமைப்பையோ சேர்க்காத நிலையில், இரண்டு பேனல்களையும் மூன்று நாள் சும்மா அளந்து அவற்றுக்கு இடையே இயல்பாகவே உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதும் அவசியம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பேனல்கள்கூட அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

அளவுகளைத் தானாகப் பதிவுசெய்யும் டேட்டா லாகர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அவற்றின் கடிகாரங்களை ஒவ்வொரு நாளும் ஒத்துப் பாருங்கள். குறிப்பேடு காகிதத்திலேயே இருக்கட்டும். எப்போது துடைத்தோம், எப்போது மேகம் வந்தது, யார் கால் தடுக்கி ஒயர் பிடுங்கியது என்பதையெல்லாம் கணினிக் கோப்பு சொல்லாது.

பாதுகாப்பு

பேனலைக் கெட்டித் துணியால் மூடிய பிறகே ஒயர்களை இணையுங்கள் அல்லது பிரியுங்கள். நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பானைப் பிடுங்கினால் எழும் தீப்பொறி வீட்டு மின்சாரத்தைப்போல் தானாக அணையாது. குழிந்த தட்டு வகை அடுப்பைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. சூரியன் நகர, குவிமையம் நகர்ந்து பக்கத்தில் கிடக்கும் அட்டைப்பெட்டியைப் பற்றவைத்துவிடும். அதன் அருகில் வேலை செய்பவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். மாடியில் எப்போதும் இருவராக இருங்கள், ஒரு கூஜா நீர்மோரும் இருக்கட்டும்.

அதன் பிறகு

மாடியில் நல்ல முடிவு கிடைத்தால் அது விற்பனைக்கான சான்றாகிவிடாது. ஐ.இ.சி. 61215 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு பேனலை மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை 200 முறை குளிர்வித்துச் சூடாக்கவும், 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைக்கவும், 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அதன் மேல் எறியவும் சொல்கிறது. இவற்றுக்குக் குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் போன்ற ஆய்வகங்களை நாட வேண்டும். அங்கே அனுப்பும்போது உங்கள் மாடி அளவீடுகளையும் வைத்து அனுப்பினால், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று பேச ஓர் அடிப்படை கிடைக்கும். சோதனை முடிந்ததும் ஒப்பீட்டுக்கு வைத்த பழைய பேனலைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிடாதீர்கள். அதன் பின்புறம் தேதியையும் அளந்த திறனையும் அழியாத மையால் எழுதி அங்கேயே விட்டு வைத்தால், அடுத்த தையில் வரும் மாணவர்களுக்கு ஓராண்டு வெயில் பட்ட ஒப்பீட்டுத் தகடு ஒன்று தயாராக இருக்கும்.